மயிரிழை இடைவெளி

புதிய இக்னிஷன் மாட்யூல் வாங்கும்போது, அட்டைப்பெட்டிக்குள் மாட்யூலோடு இரண்டு விரல் அகலத்தில் ஒரு பாக்கெட்டும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே வெள்ளை நிறத்தில் பேஸ்ட். மாட்யூலின் அடித்தட்டில் தடவிப் பொருத்துவதற்காகத் தயாரிப்பாளர் வைத்து அனுப்புவது அது. சில பெட்டிகளில் பாக்கெட்டே இருக்காது. சிலவற்றில் ஓரம் கிழிந்து காய்ந்திருக்கும். அவசரமாகப் பிரிக்கும்போது காகிதத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவதும் உண்டு.

அப்போது ஒர்க் ஷாப்பில் கேள்வி எழும்: எதைத் தடவுவது? அலமாரியில் வீல் பேரிங் கிரீஸ் இருக்கிறது. எலக்ட்ரிக்கல் கடையில் நிறமற்ற சிலிகோன் கிரீஸ் கிடைக்கும். கம்ப்யூட்டர் கடையில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஊசிக்குழாயில் விற்கிறார்கள். சில கிராமுக்கே நல்ல விலை. எதுவும் தடவாமல் ஸ்க்ரூவை இறுக்கினாலும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். இந்த நான்கில் எது சரி என்பதற்கு விடை தேடிப் போனால், 200 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் பிறந்த வெப்ப இயற்பியலும், இரண்டாம் உலகப் போர்க்காலத்து வேதியியலும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்துக்கு வந்து சேர்வோம். விடையும் கைவசம் கிடைக்கும்.

இந்தக் கேள்வியைக் களியக்காவிளையில் வைத்துப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது எல்லையூரானது இது. ஒரு பக்கம் மார்த்தாண்டம், மறுபக்கம் பாறசாலை. நடுவில் 47-ஆம் எண் என்று நெடுங்காலம் பழகி, இன்று 66-ஆம் எண்ணாக மாறிவிட்ட தேசிய நெடுஞ்சாலை. டி.என். 75 வண்டியும் கே.எல். 19 வண்டியும் ஒரே ஒர்க் ஷாப் வாசலில் நிற்கும் ஊரில், உதிரிப் பாகமும் யோசனையும் இரண்டு திசையிலிருந்தும் வரும். பழைய பெட்ரோல் காரைப் பாசத்தோடு வைத்து ஓட்டும் குடும்பங்களுக்கு ஒரு மாட்யூல் என்பது சிறிய செலவல்ல. மாற்றிய மாட்யூல் ஆறு மாதத்தில் மறுபடி போனால் பழி மெக்கானிக் மேல் விழும், அல்லது ‘டூப்ளிகேட் சாமான்’ மேல் விழும். பல நேரம் காரணம் இரண்டுமல்ல. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே விடப்பட்ட ஒரு மயிரிழை இடைவெளிதான் காரணம்.

பாயின்ட் போய் மாட்யூல் வந்தது

பேட்டரி தருவது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் முனையில் பொறி தாவ 20,000 வோல்ட்டுக்குக் குறையாமல் தேவைப்படுவதுண்டு. இந்த இரண்டையும் இணைப்பது இக்னிஷன் காயில். காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டத்தை ஓடவிட்டுச் சட்டென்று துண்டித்தால், அதில் சேர்ந்திருந்த காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவில் இரண்டாம் சுற்றில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வேகமாகத் துண்டிக்கிறோமோ அவ்வளவு நல்ல பொறி. ஆகவே இக்னிஷனின் உயிர் ஒரு சுவிட்சில் இருக்கிறது.

அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங்கும் அவருடைய டெல்கோ நிறுவனமும் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டரோடு சேர்ந்து வந்தது. அதன் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேம் திறந்து மூடும் ஒரு சோடி உலோகத் தொடுமுனைகள். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘பாயின்ட்’ என்று சொல்வது இதைத்தான். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பல தலைமுறை ஓட்டுநர்களைச் சுமந்தது இந்தப் பாயின்டை நம்பித்தான். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் இந்திய வண்டிகளின் மின்சாதனங்களில் எல்லோரும் அறிந்த பெயரானது அந்தக் காலத்தில்தான். பாயின்ட் கருகும், உப்புத்தாளால் தேய்த்து, கேஜ் வைத்து இடைவெளி பார்த்து, மறுபடி ஓட்டலாம். பழுதை வழியிலேயே சரிசெய்ய முடிந்தது அதன் பெருமை. அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது அதன் குறை.

1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், கால் நூற்றாண்டில் இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் கிரைஸ்லரும், 1975 மாடல் வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸும் பாயின்ட் இல்லாத இக்னிஷனைப் பரவலாக்கின. இந்தியாவில் 1993-இல் வந்த ஜென், அடுத்த ஆண்டு வந்த எஸ்டீம் ஆகியவற்றின் தலைமுறையில் பாயின்ட் விடைபெறத் தொடங்கியது. அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுள்ள மின்னணுச் சுவிட்ச் வந்தது. மாட்யூல் என்றும் இக்னைட்டர் என்றும் அதைச் சொல்கிறோம். சில வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் அதன் பக்கவாட்டில் அல்லது காயிலுக்கு அருகே பாடியில் பொருத்தியிருக்கும்.

அதன் உழைப்பைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் 4,500 பொறிகள் வேண்டும், விநாடிக்கு 75. ஒவ்வொரு பொறிக்கும் 5, 6 ஆம்பியர் மின்னோட்டத்தை அனுமதித்துத் துண்டிக்க வேண்டும். கருகவும் தேயவும் அதில் எதுவும் இல்லை. ஆனால் பாயின்டுக்கு இல்லாத ஒரு பலவீனம் அதற்கு இருக்கிறது. அது சூடாகும்.

மூடிய உலோகத் தொடுமுனையில் மின்னழுத்த இழப்பு ஏறக்குறைய இல்லை. மாட்யூலுக்குள் இருக்கும் டார்லிங்டன் வகை டிரான்சிஸ்டரில் ஒன்று முதல் ஒன்றரை வோல்ட் வரை விழும். 6 ஆம்பியரை 1.5 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட். அதோடு முடியவில்லை. காயில் நிரம்பிய பிறகு மின்னோட்டம் எல்லை மீறாமல் டிரான்சிஸ்டரே தடுத்துப் பிடிக்கும் மாட்யூல்கள் உண்டு. காயிலின் முதன்மைத் தடை அரை ஓம் என்றால் 6 ஆம்பியருக்கு அதில் விழுவது 3 வோல்ட்தான். ஓடும் வண்டியில் 14 வோல்ட் இருக்கும். மிச்சமுள்ள 11 வோல்ட்டையும் டிரான்சிஸ்டர் தாங்கியாக வேண்டும். 66 வாட்! அது சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் என்பதால் சராசரி வெகுவாகக் குறைகிறது. கணக்குக்காகச் சராசரி 10 வாட் என்று கொள்வோம். இரவு விளக்கு ஒன்றின் அளவுதான். ஆனால் அது விரல்நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லில் பிறக்கிறது; அந்தச் சில்லு இருப்பதோ ஏற்கெனவே கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில்.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

வெப்பத்தால் நோகும் மாட்யூலுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். நாகர்கோவிலிலிருந்து கிளம்பி தக்கலை, மார்த்தாண்டம் தாண்டும்வரை குறை சொல்ல எதுவுமில்லை. நெரிசலில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும்போது திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும். எத்தனை முறை சாவியைத் திருகினாலும் ஸ்டார்ட்டர் சுற்றுமே தவிர இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி, மெக்கானிக் வந்து பானெட்டைத் திறக்கும்போது, எதுவுமே நடக்காததுபோல் ஓடும். ‘சூடானா நிக்கும், ஆறினா ஓடும்’ என்ற ஒரு வரி, கருவி எதுவும் இல்லாத இடத்தில் பாதி நோயறிதல்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போகும்வரை, களியக்காவிளை எல்லையில் லாரி வரிசைக்குப் பின்னால் கார்களும் நின்று நகர்வது வழக்கமாக இருந்தது. ஓடும் வண்டியின் பானெட்டுக்குள் காற்று புகுந்து வெளியேறும். நிற்கும் வண்டியில் அந்தக் காற்று இல்லை. இன்னொன்றும் நடக்கும். இன்ஜினை அணைத்த பிறகு குளிர்நீர் ஓட்டம் நின்றுவிடுவதால், இரும்பிலும் புகைபோக்கிக் குழாயிலும் தேங்கிய வெப்பம் மேலே ஏறி, பானெட்டுக்குள் வெப்பநிலை சற்று நேரத்துக்கு உயரவே செய்யும். டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் முரண்டுபிடிப்பதன் காரணம் இது.

சில்லுக்குள் என்ன நடக்கிறது? சிலிக்கான், அது ஒட்டியிருக்கும் பீங்கான் தட்டு, ஈயப்பற்று, மெல்லிய இணைப்புக் கம்பி ஆகிய நான்கும் வெப்பத்தில் வெவ்வேறு அளவுக்கு விரியும். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதில் எங்கோ ஓரிடத்தில் கீறல் விழுகிறது. சூட்டில் விரியும்போது தொடர்பு விலகும். ஆறிச் சுருங்கும்போது மறுபடி ஒட்டும். இப்படிப்பட்ட மாட்யூல் இனித் தேறாது, மாற்றத்தான் வேண்டும். புதிதாகப் பொருத்துவதற்கு அதே கதி வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் மின்னணுப் பாகத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் தோராய விதி. அந்த 10 டிகிரி எங்கே மிச்சமாகிறது என்பதைப் பார்ப்போம்.

தொடுவதுபோல் தெரியும், தொடுவதில்லை

மாட்யூலின் அடியில் ஓர் உலோகத் தட்டு இருக்கும். சில்லில் பிறக்கும் வெப்பம் அந்தத் தட்டு வழியாக, அது உட்கார்ந்திருக்கும் அலுமினிய உடலுக்கு இறங்கி, அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் வழியாகப் போகும் வெப்பம் சொற்பம். வெளியேற உருப்படியான வாசல் அந்த அடித்தட்டு ஒன்றே.

தட்டும் உடலும் கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். நுண்ணோக்கியில் இரண்டும் மேடும் பள்ளமும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் மேட்டு முனைகள் சில மட்டுமே ஒன்றையொன்று தொடும். இரு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பளவு, தோற்றப் பரப்பளவில் மிகச் சிறிய பங்குதான் என்பதை, கேம்பிரிட்ஜில் உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் 1930-களின் இறுதியிலேயே காட்டினார்கள். மீதியெல்லாம் காற்று.

காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. இதை எண்ணால் சொல்ல ஒரு அளவு உண்டு. பொருளுக்குப் பொருள் மாறும் வெப்பக்கடத்துதிறனை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று குறிப்பார்கள். செம்புக்கு ஏறக்குறைய 400. அலுமினியத்துக்கு 200-க்கு மேல். அசையாத காற்றுக்கு 0.026. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு! இந்த எண்ணை வைத்து வெப்பத்தின் ஓட்டத்தைக் கணக்கிடும் வழியை 1822-இல் வெளியிட்ட நூலில் வகுத்துத் தந்தவர் ஜோசப் ஃபூரியே. தடிமன் கூடினால் வெப்பத்துக்குத் தடை கூடும்; பரப்பளவும் கடத்துதிறனும் கூடினால் தடை குறையும். இந்த ஒரு வரியே நமக்குப் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

மாட்யூலின் அடித்தட்டு 5 செ.மீ.க்கு 4 செ.மீ. என்று கொள்வோம், பரப்பு 20 சதுர செ.மீ. அதன் வழியே இறங்கும் வெப்பம் 10 வாட். தட்டுக்கும் உடலுக்கும் நடுவே சராசரி இடைவெளி 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிமன். மேட்டு முனைகள் தொடும் இடங்களை விட்டுவிட்டு, இடைவெளி முழுக்க ஒரே பொருள் நிரம்பியிருப்பதாக வைத்து ஒரு முரட்டுக் கணக்குப் போட்டால், அந்த மயிரிழையைக் கடக்க வெப்பம் கேட்கும் விலை இது:

காற்று மட்டும் இருந்தால், ஏறக்குறைய 10 டிகிரி.
சாதாரண சிலிகோன் கிரீஸ் (கடத்துதிறன் 0.2 அளவு) இருந்தால், ஒன்றேகால் டிகிரி.
வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட் (0.7 அளவு) இருந்தால், 0.36 டிகிரி.
விலை உயர்ந்த கம்ப்யூட்டர் பேஸ்ட் (8 என்று உறையில் போட்டது) இருந்தால், 0.03 டிகிரி.

இந்த நான்கு வரிகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றை வெளியேற்றி வெள்ளைப் பேஸ்டை வைத்ததில் மிச்சமானது ஒன்பது டிகிரிக்கு மேல். வெள்ளைப் பேஸ்டை எடுத்துவிட்டுப் பல மடங்கு விலையுள்ள பேஸ்டை வைத்தால் கூடுதலாக மிச்சமாவது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. கம்ப்யூட்டரின் பிராசசரில் நூறு வாட்டுக்கு மேல் ஒரு சின்னப் பரப்பின் வழியே பாய்கிறது; அங்கே 8 என்ற எண்ணுக்கு மதிப்பு உண்டு. இங்கே 10 வாட், அகலமான தட்டு. பணம் கொடுத்து வாங்கும் அந்த வித்தியாசத்தை மாட்யூல் உணரவே உணராது. பேஸ்டின் வேலை காற்றை விரட்டுவது. அதைச் செய்துவிட்டால் மிச்சம் எல்லாம் தசமப் புள்ளிக்குப் பின்னால்.

இன்னும் இரண்டு கணக்குகள் இதைவிட முக்கியம். பேஸ்டை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பி வைத்து, அது பிதுங்காமல் அப்படியே நின்றுவிட்டது என்று வையுங்கள். அதே வெள்ளைப் பேஸ்ட் இப்போது 7 டிகிரி கேட்கும். தடவாமல் விட்டதற்கு அருகில் வந்துவிட்டோம். பேஸ்ட் காற்றைவிட நல்ல கடத்தி. உலோகத்தைவிட மிக மோசமான கடத்தி. பள்ளத்தை நிரப்ப மட்டுமே அது வேண்டும்.

அடுத்தது அடித்தளம். பழைய பேஸ்ட் கட்டியாகி ஒட்டியிருக்கிறது, அல்லது அலுமினியத்தில் வெள்ளைத் துரு பூத்திருக்கிறது, அல்லது தட்டு சற்றே வளைந்திருக்கிறது. அதனால் இடைவெளி 0.2 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. காற்று மட்டும் இருந்தால் இப்போது 38 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் வெயில் நேர நெரிசலில் 105 டிகிரி, மாட்யூலுக்குள் சில்லிலிருந்து தட்டுவரை இன்னொரு 15 டிகிரி என்று வைத்தால், சில்லு 158 டிகிரியில் நிற்கும். பல பவர் டிரான்சிஸ்டர்களின் உச்ச வரம்பு 150. சுத்தம் செய்து பேஸ்ட் மெல்லியதாகத் தடவிய மாட்யூலின் சில்லு அதே நெரிசலில் 120-ஐச் சுற்றி இருக்கும். ஒரே வண்டி, ஒரே மாட்யூல், ஒரே சாலை. ஒன்று வரம்புக்கு உள்ளே, மற்றொன்று வெளியே.

எந்தப் பேஸ்ட்

வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்டில் இருப்பவை இரண்டு: சிலிகோன் எண்ணெய், அதில் குழைத்த துத்தநாக ஆக்சைடு பொடி. இந்தப் பொடி களியக்காவிளை வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. விளவங்கோட்டு மலைச்சரிவுகளில் வடிக்கும் ரப்பர் பால், ஷீட்டாகித் தொழிற்சாலைக்குப் போய்க் கந்தகத்தோடு சேர்ந்து டயராகக் கெட்டிப்படும்போது, அந்த வினையைத் தூண்டிவிடச் சேர்ப்பது இதே துத்தநாக ஆக்சைடைத்தான். மின்சாரத்தை எளிதில் விடாது, விலை மலிவு, அதன் படிகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். படிகமாக இருக்கும்போது 50 அளவுக்கு இருக்கும் கடத்துதிறன் பேஸ்டில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடுவது ஏன்? ஒவ்வொரு பொடித்துகளுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கிறது. வெப்பம் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டியாக வேண்டும். ஆனாலும், பார்த்தோமே, நம் வேலைக்கு அது போதும்.

எண்ணெய் ஏன் சிலிகோனாக இருக்க வேண்டும்? பெட்ரோலிய எண்ணெய் தொடர்ந்த சூட்டில் இளகி ஒழுகும், கருகும், கெட்டியாகும். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிப் பிணைந்த முதுகெலும்பு கொண்ட சிலிகோன் சூட்டைத் தாங்கும். நல்ல வெள்ளைப் பேஸ்டின் உறையில் 200 டிகிரி வரை என்று போட்டிருக்கும். அதனால்தான் வீல் பேரிங் கிரீஸ் இங்கே உதவாது. முதல் வாரம் காற்றை விரட்டும். பிறகு மெல்ல இளகி வெளியேறி, விட்டுப்போன இடத்தில் காற்றை மறுபடி குடியேற்றிவிடும்.

நிறமற்ற சிலிகோன் கிரீஸை ‘டைஎலக்ட்ரிக் கிரீஸ்’ என்று விற்கிறார்கள். இதற்கும் இக்னிஷனோடு பழைய உறவு. 1943-இல் அமெரிக்காவில் தொடங்கிய டௌ கார்னிங் நிறுவனம் முதலில் செய்த பண்டங்களில் ஒன்று, உயரத்தில் பறக்கும் போர்விமானங்களின் இக்னிஷன் இணைப்புகளில் ஈரம் புகாமல் அடைக்கும் சிலிகோன் கலவை. அதன் வழிவந்ததுதான் இன்றைய டைஎலக்ட்ரிக் கிரீஸ். அதன் பிறவிப் பயன் ஈரத்தையும் மின்கசிவையும் தடுப்பது: பிளக் ஒயரின் ரப்பர் மூடிக்குள், கனெக்டரின் வாயில். சில தயாரிப்பாளர்கள் மாட்யூலோடு தருவதும் இந்த வகைதான்; மேலே போட்ட கணக்கில் ஒன்றேகால் டிகிரி என்று வந்ததால் அது குற்றமும் இல்லை. வெள்ளைப் பேஸ்ட் கிடைக்காத இடத்தில் இதைத் தடவலாம். இரண்டும் கிடைக்கும் இடத்தில் அடித்தட்டுக்கு வெள்ளை, கனெக்டருக்கு நிறமற்றது. மாற்றிப் போடக் கூடாது.

கம்ப்யூட்டர் பேஸ்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளித்துகள் கலந்தவை உண்டு. மாட்யூலின் பின்களுக்கு அருகே அவை வழிவது நல்லதல்ல. சில வகைகள் நாள்தோறும் சூடாகி ஆறும் சுழற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறும். காலியம் கலந்த திரவ உலோகப் பேஸ்டைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்க வைத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் அலுமினியம். இறுகிப் பிடிக்கும் வெப்பப் பசையும் வேண்டாம். அடுத்த முறை மாட்யூலைக் கழற்றும் கைக்கும் நாம் பொறுப்பு.

தடவும் முறை

பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். பழைய பேஸ்டைப் பிளாஸ்டிக் துண்டால் வழித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் துடைக்க வேண்டும். வெள்ளைத் துரு இருந்தால் நயமான உப்புத்தாளால் தட்டையாகத் தேய்த்து, தூள் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். தட்டையான ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சம் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

பிறகு பேஸ்ட். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் கைக்கு இந்த அளவு தெரியும். இலை முழுக்கப் பரவ வேண்டும், கூடினால் வாய் வெந்துவிடும். அடியிலுள்ள உலோகத்தின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் போதும். ஸ்க்ரூக்களை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் மிச்சப் பேஸ்ட் ஓரத்தில் பிதுங்கி வரும். அதைத் துடைத்துவிட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பல மாட்யூல்களுக்கு எர்த் கிடைப்பது பொருத்தும் ஸ்க்ரூ வழியாகத்தான். பேஸ்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஸ்க்ரூவின் தலை உட்காரும் வளையமும் புரிகளும் சுத்தமான உலோகமாக இருக்க வேண்டும். பேஸ்டைத் துளைக்குள் நிரப்பிவிட்டு, வண்டி விட்டுவிட்டு மிஸ்ஸாவதற்கு மாட்யூலைக் குறை சொல்வதில் பயனில்லை.

களியக்காவிளைக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் என்று ஆண்டில் இரு பருவமும் நனையும் மண் இது. கொல்லங்கோடு, நீரோடிக் கடற்கரை வெகு அருகில். உப்பும் ஈரமும் கலந்த காற்று, அலுமினியமும் இரும்பு ஸ்க்ரூவும் சந்திக்கும் இடத்தில் துருவை வளர்க்கும். இடைவெளி முழுக்கப் பேஸ்ட் நிரம்பியிருந்தால் ஈரத்துக்கு உள்ளே இடமில்லை. காற்றை விரட்டியபோதே துருவுக்கும் வழியை அடைத்துவிட்டோம்.

பேஸ்ட் செய்ய முடியாதது

பேஸ்டின் எல்லையையும் தெரிந்துகொள்வது அறிவியலுக்குச் செய்யும் நியாயம். 1980-களில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் தன் வண்டிகள் பலவற்றில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே பொருத்தியது. மாற்றும்போது ஹீட்சிங்க் கலவை தடவ வேண்டும் என்பது பழுதுபார்ப்பு முறையில் இருந்தது. ஆனாலும் சூட்டில் இன்ஜின் அணைந்துபோவதாகப் புகார்கள் குவிந்து வழக்கானது. 2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னிய நீதிமன்றம் அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற நிலைக்குப் போனது. குறைபாடு இல்லை என்று வாதாடிய நிறுவனம் அடுத்த ஆண்டு சமரசத்துக்கு வந்தது. பிந்தைய வண்டிகள் பலவற்றில் மாட்யூல் இன்ஜினை விட்டு விலகி, தனி அலுமினிய ஹீட்சிங்கின் மேல் இடம்பெயர்ந்தது.

இதில் உள்ள பாடம் எளிது. பேஸ்ட், தட்டுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கிறது. அந்த உடலே 130 டிகிரியில் இருந்தால், மாட்யூல் அதற்குக் கீழே போக எந்தப் பேஸ்டாலும் வழி செய்ய முடியாது. ஆகவே ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா, புகைபோக்கிக் குழாயின் வெப்பத்தடுப்புத் தகடு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் மாட்யூலைக் காக்கும் வேலைதான். காயிலின் தடை அளவில் குறைந்திருந்தால் மாட்யூல் அதிக மின்னோட்டத்தைச் சுமக்கும். அதையும் மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு மாட்யூல் வெந்துபோன வண்டியில் அடுத்ததைப் பொருத்துமுன், முதலாவதை வேகவைத்தது எது என்று கேட்கும் மெக்கானிக், உரிமையாளரின் பணத்தைத் தன் பணம்போல் நினைப்பவர்.

இனி வரும் வண்டிகளிலும்

இன்றைய பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில்; அதை இயக்கும் சுவிட்ச் காயிலுக்குள்ளோ, கணினிப் பெட்டிக்குள்ளோ அடைபட்டிருக்கிறது. மின்சாரக் காரில் பொறியே இல்லை. ஆனால் பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு வெட்டி அனுப்பும் இன்வெர்ட்டருக்குள் இருப்பது அதே வகைச் சுவிட்ச்தான். பத்து வாட்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான வாட் வெப்பத்தோடு. அதற்கும் குளிர்த்தட்டுக்கும் நடுவே பல வண்டிகளில் ஒரு வெப்பப் பேஸ்ட் அல்லது பட்டை இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் மாஸ்ஃபெட் சுவிட்சுக்கு அடியிலும், தெருவிளக்கின் எல்.இ.டி.க்கு அடியிலும் இதே மயிரிழை உண்டு. திறந்து பழுதுபார்த்த பின் மூடும்போது அதை மறப்பவர்களும் எங்கும் உண்டு.

இந்தக் கணக்கு பேஸ்டைத் தாண்டியும் பயன்படும். வெப்பம் பல தடைகளை வரிசையாகக் கடந்து வெளியேறுகிறது. அந்த வரிசையில் எது பெரிய தடையோ அதைக் குறைத்தால் மட்டுமே மொத்தமும் குறையும். ஏற்கெனவே சின்னதாக இருப்பதை இன்னும் சின்னதாக்கச் செலவழிக்கும் பணம் வீண். 10 டிகிரியாக இருந்த காற்றின் தடையை அரை டிகிரிக்குள் கொண்டுவந்துவிட்ட பிறகு, அடுத்த கவனம் போக வேண்டிய இடம் ரேடியேட்டரும் காயிலும். கம்ப்யூட்டர் கடையின் ஊசிக்குழாய் அல்ல. அளந்து, பெரியது எது என்று கண்டு, அதில் கைவைப்பது பொறியியலின் முதல் ஒழுக்கம். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எல்லையோர ஒர்க் ஷாப்பிலும் அதைச் செய்யலாம். செய்தால் வெள்ளைப் பேஸ்ட் பாக்கெட் ஒன்று ஒரு மாட்யூலின் விலையைக் காப்பாற்றும். இரவு நெடுஞ்சாலையில் ஒரு குடும்பம் வழியில் நிற்காமல் வீடு சேரும்.